ஃபால்ஸ் என்றிருந்த தமிழ்த்துறை

தருமபுரியில் நான் வேலை பார்த்த தனியார் கல்லூரிக்கு இணையதளம் செய்ய வந்தவர் ஒல்லியான, சாந்தமான மனிதர். பேசுவதற்கு முன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்துக்கொள்வார். தமிழ்த்துறைக்கான பக்கத்தை நான்தான் எழுதிக் கொடுத்தேன். "கொஞ்சம் சிரிங்க மேடம்" என்று என்னைப் படமும் எடுத்துப் போட்டார். தினமும் எங்கள் அறையில்தான் டீ குடிப்பார்.

கல்லூரியைப் பார்வையிட ஆய்வுக்குழு வந்து போன மறுநாள் தளத்தில் எங்கள் பக்கத்தைக் காணவில்லை. போய்க் கேட்டேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டுக் கணினியை என் பக்கம் திருப்பினார். எல்லாத் துறைகளுக்கும் எதிரே 'ட்ரூ' என்றிருந்தது. தமிழுக்கு மட்டும் 'ஃபால்ஸ்'.

"இது சுவிட்ச் மாதிரிங்க மேடம். ஃபால்ஸ்னு போட்டுத் தளத்தை ஏத்துனா அந்தப் பக்கம் மட்டும் வராது. தமிழ்த்துறைய மூடறாங்க. ஆய்வு முடியற வரைக்கும் பக்கம் இருக்கோணும்னாங்க."

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"வந்த மொத நாளே சொல்லிட்டாங்க."

மறுபடி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அழிச்சுடச் சொன்னாங்க மேடம். உங்களுக்காகத்தான் அழிக்காம ஆஃப் பண்ணி வச்சிருக்கேங்க."

என் வேலை போன செய்தி அப்படித்தான் எனக்குத் தெரிந்தது. கல்லூரி மேலிருந்த கோபம் எப்போதோ ஆறிவிட்டது. நான் நன்றி சொல்வேன் என்று என்னையே பார்த்துக்கொண்டிருந்த அந்த முகத்தை மட்டும் இன்னும் மன்னிக்க முடியவில்லை.