நாலு வாசலும் ஒரு ஜெனரேட்டரும்

சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் நான் போர்மேன். காலையில் கேட்டில் நின்று பீடி, தீப்பெட்டி, செல்போன் எல்லாவற்றையும் வாங்கி வைத்துவிட்டுத்தான் ஆட்களை உள்ளே விடுவேன். வாசலில் ஒரு செம்புத் தகடு உண்டு. உடம்பில் ஒட்டியிருக்கிற மின்சாரம் இறங்க அதைத் தொட்டுவிட்டுப் போக வேண்டும். தொடாமல் நழுவுகிறவனை நான் ஏசுகிற ஏச்சு அடுத்த கம்பெனி வரை கேட்கும் என்பார்கள். கேட்கட்டுமே. என் மேற்பார்வையில் இதுவரை ஒரு உயிர் போனதில்லை. அதை நான் அடிக்கடி சொல்வேன். கொஞ்சம் அதிகமாகவே சொல்வேன் என்று என் மனைவிக்கு அபிப்பிராயம்.

எங்கள் பக்கத்தில் மழை என்பது விருந்தாளி மாதிரி. வந்தால் ஒரு காபி குடித்துவிட்டுக் கிளம்பிவிடும். அந்த மார்கழியில் வந்த மழையோ பாய் தலையணையோடு வந்து தங்கிவிட்டது. தெருமுனை டிரான்ஸ்பார்மர் புகைந்து நின்றது. கரண்ட் வர ரெண்டு நாள் ஆகலாம் என்றார்கள்.

எனக்குக் கவலை வெளிச்சத்தைப் பற்றி இல்லை, அக்காவைப் பற்றி. என் உடன்பிறந்த அக்கா எங்களோடுதான் இருக்கிறாள். நுரையீரல் பலவீனமாகி, ஆக்சிஜன் மிஷினிலிருந்து வரும் குழாயை மூக்கில் மாட்டிக்கொண்டு பாதி நாள் உட்கார்ந்திருக்க வேண்டும். அந்த மிஷின் கரண்டில்தான் ஓடும். இன்வெர்ட்டர் விடியும்போதே கைவிட்டுவிட்டது. அவசரத்துக்கு இருந்த சின்ன சிலிண்டர் ஒரு மணி நேரம் தாங்கும். கல்யாணத்துக்குப் பந்தல் போடுகிறவரிடம் ஓடி, வாடகைக்கு ஒரு ஜெனரேட்டர் கொண்டுவந்தேன். முந்தின முகூர்த்தத்தில் பூசிய சந்தனப் பொட்டோடு அது வந்து இறங்கியது.

"சுவர் பிளக்குல சொருகிருங்கண்ணே, வீடு பூராவும் எரியும்" என்றார் பந்தல்காரர்.

"அங்கன கம்பத்துல ஏறி வேலை பாக்குறவன் மேல இந்தக் கரண்டு பாயும்யா. ஒழுங்கா ஒரு நீள வயரக் குடுங்க" என்று ஏசினேன். அது சரியான ஏச்சு. எஞ்சின் சூடாக இருக்கும்போது பெட்ரோல் ஊற்றக் கூடாது என்பதும் எனக்குத் தெரியும். கேனைத் தூரமாக, மாட்டுக்கொட்டகையில் வைத்தேன். ஜெனரேட்டர் பக்கம் யாரும் உரசினால் பொறி தட்டுகிற நைலான் சேலை கட்டிக்கொண்டு வரக் கூடாது என்று உத்தரவு போட்டேன். பூஜை அறைச் செம்பைக் கதவுப் பக்கம் தொங்கவிட்டு, "இதத் தொட்டுட்டுத்தான் உள்ள வரணும்" என்றேன். அக்காவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை, சிரித்துச் சிரித்து இருமினாள்.

எல்லாம் சரி. ஜெனரேட்டரை எங்கே வைத்தேன் என்பதுதான் தப்பு. வெளியே சாரல். மழை கொஞ்சம் விட்டால் போதும், தெருப்பிள்ளைகள் தீபாவளிக்கு வாங்கி மிச்சம் வைத்த வெடியைக் கொளுத்துவார்கள். ஒரு பொறி பறந்து வந்தால்? பொறி என்றாலே எனக்குக் குலை நடுங்கும். அதனால் அதைச் சாமான் அறைக்குள் தள்ளி, ஜன்னலைச் சாத்தி, சத்தம் வராமலிருக்கக் கதவிடுக்கில் சாக்கையும் திணித்தேன். லேசாகப் புகை வாசம் வந்தது. எங்கள் ஊரில் புகையை யார் கண்டுகொள்கிறார்கள்!

அக்கா குழாயை மாட்டிக்கொண்டாள். மிஷின் ஓடியது. நான் ஊரையே காப்பாற்றியவன் போலக் காலை நீட்டி உட்கார்ந்தேன்.

பதினோரு மணி வாக்கில் அக்கா நெற்றியைப் பிடித்தாள். "தல வலிக்குதுலே."

அவள் விரலில் ஆக்சிஜன் அளக்கிற சின்ன மிஷினை மாட்டினேன். தொண்ணூற்றாறு காட்டியது. "நம்பரு நல்லாத்தான இருக்கு. ராத்திரி தூங்கியிருக்க மாட்ட" என்று அதட்டினேன். எனக்கும் தலை கிறுகிறுத்தது. பசி என்று நினைத்துக்கொண்டேன்.

மழைத் தண்ணீர் பிடிக்கக் குடம் வைத்துவிட்டு மனைவி உள்ளே வந்தாள். "என்னங்க, வெளிய நின்னா தேவலையா இருக்கு. உள்ள வந்தா தல விண்ணு விண்ணுங்குது. கொமட்டுது வேற."

அக்கா என்னையே பார்த்தாள். "ஏலே, ஓங் கம்பெனியில வெடிமருந்து ரூமுக்கு எத்தன வாசலு?"

"நாலு. நாலு பக்கமும் இருக்கணும். ஒண்ணையும் சாத்தக் கூடாது" என்றேன், கேட்டில் சொல்கிற அதே குரலில்.

"இந்த எஞ்சின் ஓடுற ரூமுக்கு?"

சாமான் அறைக் கதவைத் திரும்பிப் பார்த்தேன். ஒன்று. அதையும் சாக்கு வைத்து அடைத்தது நான்.

சிலிண்டரை மாட்டி, அக்காவை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு எதிர்வீட்டு வாசலுக்கு ஓடினோம். ஜெனரேட்டரை நிறுத்தத் திரும்பிய என் சட்டையை அக்கா கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். நூற்றெட்டுக்குப் போன் போட்டோம். ஆம்புலன்ஸில் வந்தவர்கள் கதவு ஜன்னலைத் திறந்து, காற்று ஓடியபிறகுதான் உள்ளே போய் அதை நிறுத்தினார்கள்.

விருதுநகர் ஆஸ்பத்திரியில் மூன்று பேரையும் வரிசையாகப் படுக்கவைத்து ஆக்சிஜன் கொடுத்தார்கள். ஜெனரேட்டர் புகையில் வாசமே இல்லாத ஒரு விஷ வாயு இருக்கிறது என்றார் நர்ஸம்மா. அது ரத்தத்தில் ஏறினாலும் விரல் மிஷினுக்கு வித்தியாசம் தெரியாதாம், நல்ல நம்பரையே காட்டுமாம். "புகை வாசம் போயிருச்சேன்னு நம்பாதீக. ஜன்னலத் தெறந்து வச்சாலும் பத்தாது. வீட்ட விட்டுத் தள்ளி, வெளியதான் ஓட்டணும்" என்றார். நான் தலையாட்டினேன். அக்கா பக்கம் திரும்பத் தைரியம் வரவில்லை. போர்வைக்குள் முகத்தை மூடி அழுதேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

மறுநாள் வீடு திரும்பியும் கரண்ட் வரவில்லை. கொல்லையின் கடைசியில், எந்த ஜன்னலுக்கும் எட்டாத தூரத்தில் நாலு கம்பு நட்டேன். மேலே தகரம் போட்டேன், கீழே மேடு கட்டினேன். நாலு பக்கமும் திறப்பு. புகைக்குழாயை வயல் பக்கம் திருப்பிவைத்து, நீள வயரை இழுத்தேன். மனைவி யாரும் கேட்காமலே அந்தச் செம்பைக் கொண்டுபோய் ஒரு கம்பில் தொங்கவிட்டாள். அக்காவின் மிஷின் மறுபடி ஓடியது. இந்தத் தடவை நான் காலை நீட்டவில்லை. அரை மணிக்கொரு தரம் போய், "தல வலிக்குதாக்கா?" என்று கேட்டேன். "நீ கேட்டுக் கேட்டுத்தாம்லே வலிக்குது" என்றாள்.

என் மேற்பார்வையில் ஒரு உயிர் போனதில்லை என்று இப்போதும் சில நேரம் வாய் தவறி ஆரம்பித்துவிடுகிறேன். அக்கா மூக்குக் குழாயைச் சரிசெய்துகொண்டு நிமிர்வாள்.

"சொல்லுலே, சொல்லு. அந்தக் கணக்குல நானும் இருக்கேம்ல."