கையுறை போடாத கேட்சர்

நான்காம் வகுப்பில் எனக்குக் கிடைத்த ப்ராஜெக்ட், அந்தக் காலத்து பேஸ்பால் கேட்சர் ஒருவரின் கதை. மட்டைக்காரருக்குப் பின்னால் குந்தியிருந்து, பறந்து வரும் பந்தைப் பிடிப்பவர்தான் கேட்சர். என்னுடையவர் கையுறை வழக்கத்துக்கு வருமுன் வெறுங்கையால் பிடித்துச் சம்பாதித்தவர். நூலகப் புத்தகத்தில் அவருடைய கைகளின் படம் இருந்தது. ஒரு விரல்கூட நேராக இல்லை.

வெள்ளிக்கிழமை மாலை, எடிசன் நகரில் எங்கள் அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் அந்தப் படத்தை அப்பாவிடம் காட்டினேன். அப்பா கோயம்புத்தூரில் கல்லூரி கிரிக்கெட் அணிக்கு விக்கெட் கீப்பர். அந்தப் பெருமையைக் கிளறிவிட்டால் போதும், மனிதரைப் பிடிக்க முடியாது.

"வெறுங்கையில புடிக்கறதெல்லாம் ஒரு விஷயமா? போடு கண்ணு," என்று குந்திக்கொண்டார்.

நான்கு பந்துகளைப் பிடித்தார். ஐந்தாவதை இருக்கிற பலத்தையெல்லாம் கூட்டி எறிந்தேன். அவருடைய வலது மோதிர விரலில் டக்கென்று ஒரு சத்தம் கேட்டது.

அம்மா கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு ஆன்ட்டியே ஓடிவந்துவிட்டார். "நாளைக்கு கிரீன் கார்டுக்கு ஃபிங்கர்பிரின்ட்டு! இன்னைக்குத்தான் உங்களுக்கு பேஸ்பால் கேக்குதுங்களா?"

எமர்ஜென்சிக்குப் போகலாம் என்றார் ஆன்ட்டி. அப்பா அசையவில்லை. "போனா கட்டு போட்டுருவாங்க. கட்டோட போய் நின்னா பத்து விரலையும் எப்படி எடுப்பாங்க?"

மறுநாள் என்னை விட்டுவிட்டுப் போக ஆளில்லாததால் நானும் போனேன். அப்பாவின் விரல் கத்தரிக்காய் நிறத்தில் வீங்கியிருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு அழுகை முட்டியது.

அலுவலகத்தில் ஒரு பெண்மணி அப்பாவின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்து ஒரு மெஷினின் கண்ணாடிமேல் உருட்டினார். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல். அம்மா என் தோளை இறுகப் பற்றிக்கொண்டாள். அந்தப் பெண்மணி நிறுத்தி, வலிக்கிறதா என்று கேட்டார்.

"நோ, நோ. ஐ ஆம் ஃபைன்," என்று அப்பா சிரித்தார்.

அந்தப் பெண்மணி மோதிர விரலை உருட்டினார். மெஷின் ஏற்கவில்லை. மறுபடியும் உருட்டினார். அப்போதும் ஏற்கவில்லை. அப்பாவின் சிரிப்பு அப்படியே இருந்தது, நெற்றியில் மட்டும் வியர்வை வழிந்தது. மூன்றாவது முறை பச்சை விளக்கு எரிந்தது.

திரும்பும்போது, "வொய் டிட்ன்ட் யூ டெல் ஹெர்?" என்று அழுதேன்.

"சொன்னா அப்பறம் வாங்கன்னு அனுப்பிருவாங்க கண்ணு. அந்த அப்பறம் எப்ப வரும்னு ஆருக்குத் தெரியும்?"

அடுத்த சனிக்கிழமைதான் வந்துவிடுமே, இதற்கா இத்தனை பாடு என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை வகுப்பில் என் கேட்சரின் கதையை வாசித்தேன். ஒரு நாள் ஆடாமல் உட்கார்ந்தாலும் தன் இடத்துக்கு வேறொருவர் வந்துவிடுவார் என்று, உடைந்த விரலை அணியிடம் மறைத்துக்கொண்டு ஆடினாராம். எல்லாரும் கைதட்டினார்கள். வலித்தால் சொல்லவேண்டியதுதானே, ஏன் மறைத்தார் என்று ஒரு பையன் கேட்டான்.

"ஐ டோன்ட் நோ," என்றேன். சத்தியமாக எனக்குத் தெரியாது.