இகாராஷி அடக்கிவைத்த சத்தம்

வெந்நீரில் இகாராஷி பாதிதான் இறங்கியிருப்பார். அதற்குள் அவர் சத்தம் குளத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிடும். கணுக்கால் நனையும்போது "ஹும்" என்று ஆரம்பிக்கும். முழங்காலில் கொஞ்சம் கனக்கும். தண்ணீர் கழுத்தைத் தொட்டதும் அடிவயிற்றிலிருந்து "அஆஆஆ..." என்று நீளமாக ஒரு முனகல் கிளம்பி, "சொர்க்கம்டா... சொர்க்கம்" என்று முடியும். பக்கத்தில் கண்ணயர்ந்திருப்பவர்கள் திடுக்கிட்டு விழித்துக்கொள்வார்கள்.

அவர் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறவர். ஊர் எழுவதற்குள் சாலைகளை வழித்துவிட வேண்டும். வண்டியை விட்டு இறங்கும்போது முதுகு மரக்கட்டையாகியிருக்கும். அந்த முதுகை வெந்நீரில் போட்டால் சத்தம் வராமல் என்ன செய்யும்? குளிக்கும்போது வெள்ளைத் துண்டை நாலாக மடித்து உச்சந்தலையில் வைத்துக்கொள்வார். துண்டு தண்ணீரில் படக்கூடாது என்பதற்காக வெந்நீர்க் குளங்களில் பலரும் செய்வதுதான். ஆனால் இவர் தலையில் அது கிரீடம் மாதிரி உட்கார்ந்திருக்கும், தும்மினாலும் விழாது. அதில் மனிதருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

சத்தத்தால்தான் வினை வந்தது. வருஷத்துக்கு ஒரு நாள் குடும்பத்தோடு போகும் வெந்நீர்ப் பூங்காவில் போன வருஷம் இவர் முனகியதை, மகள் சுமிரேயின் வகுப்புத் தோழி ரிக்கா கேட்டுவிட்டாள். பிறகு பள்ளிக்கூடத்தில் ஆளாளுக்கு முனகிக் காட்டினார்களாம். பதினாலு வயதுப் பெண்ணுக்கு மானம் போக இது போதாதா? இந்த வருஷம் கிளம்பும்போதே நிபந்தனை போட்டுவிட்டாள்.

"சத்தம் வந்துச்சுன்னா இதுதான்பா கடைசி. இனிமே உங்களோட எங்கயும் வரமாட்டேன். தலையில துண்டும் வைக்கக்கூடாது."

"மூச்சு விடலாமா?"

"மெதுவா விடுங்க."

கேலியாகக் கேட்டாரே தவிர, உள்ளுக்குள் அவருக்குக் கலக்கமாகத்தான் இருந்தது. பனிக்காலத்தில் அவர் வீடு திரும்பும்போது மகள் பள்ளிக்குப் போயிருப்பாள். அவள் திரும்பும்போது இவர் தூங்கிக்கொண்டிருப்பார். முழுசாக ஒரு நாள் அவளோடு இருப்பது இந்தப் பூங்காவில்தான். அதுவும் போய்விட்டால் என்ன மிச்சம்?

ரிக்கா இந்த வருஷமும் வந்திருந்தாள். நீச்சலுடையில் குடும்பமே ஒன்றாக இறங்கும் இடம், ஒளியவும் வழியில்லை. காபி வாசனைத் தொட்டியில் இகாராஷி உதட்டைக் கடித்துக்கொண்டு இறங்கினார். பச்சைத் தேயிலைத் தொட்டியில் கன்னத்தை உப்பிக்கொண்டார்.

"ஏங்க, மூஞ்சியெல்லாம் செவந்துபோச்சு. வெடிச்சுத் தொலைச்சிடாதீங்க" என்றாள் மனைவி மிசுஹோ.

எல்லோரும் அலறிக்கொண்டு வரும் சறுக்குக் குழாயில்கூட வாயைத் திறக்காமல் வந்து விழுந்தார். காவலுக்கு நின்ற பெண் பயந்துபோய் ஓடிவந்து, "ஐயா, உடம்புக்கு ஒண்ணுமில்லையே?" என்று விசாரித்தாள். இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினார். மத்தியானம் சுமிரே தோழியோடு வேறு மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டாள். இவருக்குச் சோறு இறங்கவில்லை.

சாயங்காலம் வெளியே பனி கொட்டத் தொடங்கியது. பாறைகளுக்கு நடுவே ஆவி பறக்கும் குளத்தில், ஒரு மூலையில், இகாராஷி கழுத்துவரை மூழ்கிக் கிடந்தார். வாய் பூட்டியிருந்தது. துண்டு பாறைமேல் அனாதையாகக் கிடந்தது. மிசுஹோ பக்கத்தில் இருந்தாள்.

சறுக்கிச் சறுக்கி விறைத்துப்போன பெண்கள் இரண்டு பேரும் வெறுங்காலோடு, பல் கிடுகிடுக்க ஓடிவந்தார்கள். சுமிரே முதலில் இறங்கினாள். கணுக்காலில் "ஹும்" என்றாள். முழங்காலில் குரல் கொஞ்சம் கனத்தது. கழுத்துவரை மூழ்கியதும் கண் சொருகி, "அஆஆஆ... சொர்க்கம்டா... சொர்க்கம்" என்றாள்.

குளமே திரும்பிப் பார்த்தது. சுமிரே இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஏய், அப்படியே உங்கப்பாடி" என்றாள் ரிக்கா.

"புலிக்குப் பொறந்தது பூனையாகுமா?" என்றாள் மிசுஹோ, ஆவிக்குள்ளிருந்து.

இகாராஷி இப்போதும் மூச்சுவிடவில்லை. ரிக்கா கேலி செய்யப் போகிறாள் என்று பார்த்தால், அவள் தானும் தண்ணீரில் இறங்கி முனகிப் பார்த்தாள். கீச்சென்று ஒல்லியாக ஏதோ வந்தது. சுமிரே வாயிலிருந்து கையை எடுத்தாள்.

"அப்படி இல்லடி. தொண்டையில வரக்கூடாது, வயித்துலேர்ந்து வரணும்" என்றாள். பிறகு மூலையைப் பார்த்துத் திரும்பினாள். "அப்பா, நீங்க ஒரு தடவ போட்டுக் காட்டுங்க. இவளுக்குத் தெரியல."

இகாராஷிக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. ஆனாலும் அவர் அவசரப்படவில்லை. கணுக்காலிலிருந்து ஆரம்பித்தால்தான் சரியாக வரும் என்று எழுந்து கரையேறினார். கொட்டும் பனியில் நின்று, பாறைமேல் கிடந்த துண்டை எடுத்து உதறி, நாலாக மடித்து, உச்சந்தலையில் வைத்து, இரண்டு கையாலும் அழுத்தி உட்காரவைத்தார்.