பக்கத்து வீட்டுக்காரர் கண்டுபிடித்த நீர்க்குறி

வலது கண்ணைச் சர்க்கரை நோய் கொண்டுபோனது. இடது கண்ணில் புரை. மலேசியாவில் ஈப்போ பக்கத்துச் செமோரில் பள்ளிப் பேருந்து ஓட்டிக்கொண்டிருந்த வேலையை விட்டேன். அதைவிட வலித்தது, தபால்தலை ஆல்பங்களைத் தூக்கி அலமாரி மேல் வைத்ததுதான்.

நான் சேர்த்தவை பிரிட்டிஷ் காலத்துத் தபால்தலைகள். இரண்டு தபால்தலைகளில் ஒரே மன்னர், ஒரே நிறம், ஒரே விலை இருக்கும். தாளுக்குள் இருக்கும் நீர்க்குறி மட்டும் வேறாக இருக்கும். கிரீடமும் அதன் கீழே இரண்டு ஆங்கில எழுத்துகளும். பழைய தாளில் அவை அச்செழுத்துப் போல நேராக நிற்கும். பிறகு வந்த தாளில் கையெழுத்துப் போல வளைந்திருக்கும். தபால்தலையைக் கறுப்புத் தட்டில் கவிழ்த்து, சிகரெட் லைட்டருக்கு ஊற்றும் திரவத்தை இரண்டு சொட்டு விட்டால் குறி தெரியும். சில விநாடிகளில் காய்ந்து மறைந்துவிடும். அந்த விநாடிகள் என் கண்ணுக்குப் போதவில்லை.

மனம் கேட்காமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு ஆல்பத்தை இறக்கித் தட்டின் மேல் குனிந்திருந்தேன். அப்போது பக்கத்து வீட்டுப் பெண் பாசாரிலிருந்து எங்களுக்கும் மீன் வாங்கிக்கொண்டு வந்தார். ஜெலாப்பாங் கையுறைத் தொழிற்சாலையில் கையுறைகளில் ஊசித் துளை இருக்கிறதா என்று தேடுவது அவர் வேலை. விஷயத்தைக் கேட்டதும் என்னை நகரச் சொல்லிவிட்டுத் தட்டைப் பார்த்தார்.

“கிரீடம் தெரியுது. கீழ எழுத்து, கண்ணாடியில பாக்குற மாதிரி திரும்பி இருக்கு.”

“நேரா இருக்கா, வளைஞ்சிருக்கா?”

“வளைஞ்சிதான்லா இருக்கு.”

இருக்க முடியாது என்றேன். இருபது வருடமாக அதை நேரெழுத்துப் பக்கத்தில் வைத்திருந்தவன் நான். கொஞ்சம் கடுமையாகவே பேசிவிட்டேன். அவர் கோபிக்கவில்லை. இன்னும் இரண்டு சொட்டு விடச் சொல்லி, பழைய நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் தான் கண்டதைப் பென்சிலால் பெரிதாக வரைந்து நீட்டினார். இடது கண்ணருகே பிடித்துப் பார்த்தேன். எழுத்தின் சுழிப்பு வரை அப்படியே இருந்தது. பார்வை நன்றாக இருந்த நாளில் அவசரமாகப் பார்த்துத் தவறியிருக்கிறேன். மன்னிப்புக் கேட்டேன்.

“பரவால்ல அண்ணே. மீன மொதல்ல பிரிட்ஜ்ல வைங்க.”

அதன் பிறகு ஞாயிறு தோறும் வந்தார். நான்கு ஆல்பங்களையும் பார்த்து முடித்தபோது பதினொரு தபால்தலைகள் இடம் மாறியிருந்தன. பிறகு நான் புதிதாக வாங்குபவற்றையும் பார்த்துச் சொன்னார். ஓய்வு நாளை ஏன் எனக்காக வீணாக்குகிறார் என்று ஒருமுறை கேட்டேன்.

“பேக்டரில கெட்டத எடுத்து வீசுறதே வேல. இது பாக்க நல்லா இருக்கு.”

போன மாதம் ஈப்போவில் புரை அறுவை நடந்தது. கட்டைப் பிரித்த மறுவாரம், பூதக்கண்ணாடி வைத்து ஒரு குறியை நானே படித்தேன். ஓடிப்போய் அவரிடம் சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது. பிறகு தயங்கினார்.

“அப்போ இனி நான் வாரது வேணாமா அண்ணே?”

என் பின்னாலேயே வந்த மனைவி, நான் வாய் திறக்கும் முன், கட்டாயம் வரவேண்டும், சாப்பாடும் எங்கள் வீட்டில்தான் என்றாள். அவரும் வந்தார். இப்போது சொட்டு விட்டுப் பார்ப்பது அவர். பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக்கொள்வது நான்.