வலது சக்கரத்தைப் பார்த்து வாங்கிய டயர்

யுத்த காலத்தில் நான் ஓட்டிய பஸ் பெட்ரோலில் ஓடவில்லை, கரிப்புகையில் ஓடியது. நீங்கள் அதைப் பார்த்ததில்லை, அதனால் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். பஸ்ஸுக்குப் பின்னால் இரண்டு சக்கரம் வைத்த சின்ன வண்டி ஒன்றைப் பூட்டியிருப்போம். முதலாளி அதை டிரெய்லர் என்பார், நாங்கள் பின்வண்டி என்போம். அதன் மேல் ஆள் உயரத்துக்கு ஓர் இரும்புப் பீப்பாய். அதற்குள் கரி கனன்றுகொண்டே இருக்கும். அதில் கிளம்பும் புகை குழாய் வழியாக வந்து இஞ்சினை ஓட்டும். கரியைக் கவனித்துக்கொள்ள ஒருவர் பஸ்ஸின் பின்பக்கப் பலகையில் தொற்றி நின்றபடியே வர வேண்டும். அப்படி நின்று வந்தவர்தான் உங்கள் மாமா, என் தங்கையின் புருஷன். தங்கை அப்போது மாசமாக எங்கள் வீட்டில் இருந்தாள்.

எனக்கு அந்தப் பீப்பாயைக் கண்டாலே பயம். பஸ் கவிழ்ந்தால்கூட நான் முன்னால் இருப்பவன், குதித்து ஓடிவிடலாம். பின்னால் நிற்பவருக்கும் நெருப்புக்கும் நடுவில் ஒரு முழம் இடம்கூட இல்லை.

ஒரு நாள் ஒரு பாலத்துக் கல்லில் மோதிப் பின்வண்டியின் இடது டயர் நார்நாராகக் கிழிந்துபோனது. அந்தக் காலத்தில் புது டயர் என்பது பட்டாளத்துக்குப் போனது போகத்தான், போக மிச்சமும் இருக்காது. முதலாளி சிம்மக்கல் பழைய இரும்புக் கடைகளில் அலைந்து ஒரு டயர் கொண்டுவந்தார். கிழிந்த டயரில் அளவு எண் தெரியவில்லை. அதனால் வலது டயரில் இருந்த எண்ணைப் பார்த்து அதே எண்ணில் வாங்கியிருந்தார். அதில் தப்பு இருப்பதாக எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. மாட்டுவண்டிச் சக்கரத்தை ஆசாரி ஜோடியாகத்தான் செய்வார். ஒரு அச்சில் இருக்கிற இரண்டு சக்கரமும் ஒரே அளவுதானே இருக்கும்?

டயர் மாட்டுவது என்றால் இரண்டு பேர் நெம்புகோல் போட்டு, மூச்சு வாங்கி, விரலை நசுக்கிக்கொண்டு செய்கிற வேலை. அன்று அது வெறும் கையாலேயே ஏறிவிட்டது.

"பாத்தீகளா மச்சான், என் கைராசிய! வளையல் மாட்டுன மாதிரி ஏறிருச்சு" என்றார் மாமா.

 டயரைப் பிடித்து அசைத்தேன். ரிம்மின் மேல் அது தொளதொளவென்று ஆடியது.

"மாப்ள, ஆடுதே."

"காத்தடிச்சா இறுக்கிக்கிரும்ப்பா" என்றார் முதலாளி.

மாமா மாட்டுவண்டிக்காரர் வீட்டுப் பிள்ளை. கோடையில் மரம் சுருங்கி, சக்கரத்தின் இரும்புப் பட்டா தளர்ந்துபோனால் என்ன செய்வார்கள்? ஆப்பு வைத்து அடிப்பார்கள், சக்கரத்தை வைகைத் தண்ணீரில் ஊறப்போடுவார்கள். பிறகு பாரம் ஏற ஏறப் பட்டா தானாகவே பிடித்துக்கொள்ளும். ரப்பர் டயரையும் மாமா அந்தக் கணக்கில்தான் வைத்தார். பழைய கித்தான் துணியைக் கிழித்து ரிம்மைச் சுற்றிக் கட்டி, அதன் மேல் டயரை ஏற்றினார்.

பஸ்ஸில் ஆட்கள் ஏறி உட்கார்ந்தாகிவிட்டது. கோழிக்கூடையை மடியில் வைத்திருந்த ஓர் அம்மா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள்.

"ஏன்யா, ஒரு சக்கரத்துக்கு இம்புட்டு நேரமா? நடந்திருந்தா மேலூரு போயிச் சேந்து உலை வச்சிருப்பேன்!"

மாமா காற்றடிக்க ஆரம்பித்தார். "மூஞ்சியக் கிட்ட வைக்காத மாப்ள" என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். டயர் மெல்ல உப்பியது. கித்தானைக் கவ்விப் பிடித்து நேராக நின்றது. நின்றது எனக்கு இன்னும் பயமாக இருந்தது. ஆடினாலாவது ஓட்ட மறுக்கலாம்.

"இன்னைக்கு நடை வேண்டாங்க" என்று முதலாளியிடம் சொல்லிப் பார்த்தேன்.

"ஏறி உக்காந்த சனத்த எறக்கிவிடச் சொல்றியா?"

"மச்சானுக்கு எதுக்கெடுத்தாலும் பயந்தான். எனக்குப் பொண்ணு குடுக்கையிலயும் இப்புடித்தான் நடுங்குனாரு" என்றார் மாமா. பஸ்ஸே சிரித்தது. அந்தச் சிரிப்புக்கு மேல் நான் என்ன பேசுவது?

ஒன்று மட்டும் கேட்டுக்கொண்டேன். என் இடத்திலிருந்து பின்வண்டி தெரியாது. அதனால் வழியெல்லாம் பஸ்ஸின் பின் தகரத்தைக் கம்பியால் தட்டிக்கொண்டே வரச் சொன்னேன். சத்தம் வந்தால் அவர் நிற்கிறார் என்று எனக்குத் தெரியும். "நான் என்ன கோயில் மாடா, மணி கட்டிவிடுறதுக்கு?" என்று கேலி செய்தாலும் மாமா சரி என்றார்.

ஆற்றுப் பாலம் தாண்டினோம். டக், டக் என்று கேட்டது. பள்ளத்தில் இறங்கி ஏறும்போதெல்லாம் என் உடம்பு முழுவதும் காதாக மாறிவிடும். மறுபடி டக் என்று வந்த பிறகுதான் மூச்சு வரும். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் மழை பற்றி ஏதோ கேட்டார். நான் பின்னால் வருகிற சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தேன். ஸ்டியரிங்கைப் பிடித்த உள்ளங்கை வழுக்கியது. வேட்டியில் துடைத்துக்கொண்டே ஓட்டினேன்.

ஒத்தக்கடை நெருங்கும்போது யானைமலை பக்கமாக வந்து நின்றது. அங்கே ரோட்டில் காய்ந்த கொள்ளுச்செடியைப் பரப்பிப் போட்டிருந்தார்கள். பஸ் ஏறி மிதித்துப் போனால் காய் உதிரும், அவர்களுக்கு வேலை மிச்சம். வழக்கமாக நாங்களும் சிரித்துக்கொண்டே ஏற்றிப் போவோம். அன்று அந்தச் சருகைப் பார்த்ததும், பின்னால் வருகிற நெருப்புதான் எனக்கு ஞாபகம் வந்தது.

அப்போதுதான் கவனித்தேன். தட்டும் சத்தம் நின்றிருந்தது.

சட்டென்று பிரேக்கை மிதித்தால் பின்வண்டி வந்து பஸ்ஸில் மோதும். நடுவில் மாமா நிற்கிறார். பல்லைக் கடித்துக்கொண்டு மெதுவாக, மெதுவாக நிறுத்தினேன். கொள்ளுச்செடிக்குக் கொஞ்சம் முன்னால் பஸ் நின்றது. இறங்கிப் பின்னால் ஓடினேன்.

பலகையில் ஆள் இல்லை.

குனிந்து பார்த்தால், பஸ் மெதுவானதும் குதித்தவர் இடது சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். டயர் ரிம்மை விட்டு ஒரு பக்கமாக நழுவியிருந்தது. அந்த இடைவெளியில் டியூப் பிதுங்கி, அறுத்த ஆட்டின் குடல் போலப் பளபளவென்று வீங்கிக்கொண்டிருந்தது. காற்றடைக்கிற மூக்கு சாய்ந்து ரிம்முக்குள் இழுபட்டிருந்தது. மாமா அதை விரலால் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்.

"மாப்ள! விடு! தள்ளி வா!"

"இருங்க மச்சான், காத்தப் பிடுங்கிட்டா அம்புட்டுத்தான்..."

அவர் இடுப்புத் துண்டைப் பிடித்து என் பக்கமாக இழுத்தேன். நாங்கள் இருவரும் மல்லாந்து விழுந்தோம். அதே நேரத்தில் அது வெடித்தது.

சத்தம் என்று சொல்ல முடியாது. முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. கல்லும் மண்ணும் கித்தான் கிழிசலும் பறந்தன. பின்வண்டி இடது பக்கம் இறங்கிச் சாய்ந்தது. பீப்பாய் ஆடி, அடிக்கதவு திறந்து, தணல் ரோட்டில் கொட்டியது. ஒரு தணல் உருண்டு கொள்ளுச்செடியை நோக்கிப் போனது. நான் எழுந்திருக்கக்கூட முடியாமல் அதையே பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

ரோட்டோரம் கொள்ளைப் பரப்பியிருந்த பெண்கள்தான் காப்பாற்றினார்கள். புடைக்கிற சுளகில் மண்ணை அள்ளிக்கொண்டு ஓடிவந்து தணல் மேல் கொட்டினார்கள். ஒருத்தி கொட்டிக்கொண்டே, "கொள்ளு கருகுச்சு, உங்க பஸ்ஸப் பிரிச்சுக் கொள்ளுப் பானைக்கு அடுப்பு வச்சிருவேன்!" என்று ஏசினாள். ஜனங்கள் எல்லாரும் இறங்கித் தள்ளிப் போய் நின்றார்கள். கோழிக்கூடைக்காரம்மா கூடையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

பீப்பாய் அடங்கிய பிறகு, பஸ்ஸின் மேலே மூட்டை கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்து வந்தேன். வலது ரிம்மின் விளிம்பைச் சுற்றிப் பிடித்து, முடிந்த இடத்தில் முடிச்சுப் போட்டேன். அதே கயிற்றை இடது ரிம்மில் சுற்றினேன். நாலு விரற்கடை மிச்சம் இருந்தது. யுத்த அவசரத்தில் கிடைத்த இரும்பையெல்லாம் சேர்த்துக் கட்டிய வண்டி அது. எந்தெந்தக் காரிலிருந்து கழற்றிய சக்கரங்களோ, ஒரே அச்சில் இரண்டு அளவு.

பிள்ளைகளே, எந்தச் சக்கரத்துக்கு டயர் வேண்டுமோ அந்தச் சக்கரத்தையே அளந்து பாருங்கள். பக்கத்துச் சக்கரத்தைக் கேட்காதீர்கள்.

மாமாவிடம் கயிற்றைக் காட்டினேன். "நாலு விரக்கடை மாப்ள" என்றேன். அவர் என் வாயைப் பார்த்தார். உடம்பில் ஒரு கீறல் இல்லை. சிரிக்கக்கூடச் செய்தார். எனக்கும் காதுக்குள் வண்டு குடைந்தது, அதனால் அப்போது ஒன்றும் தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்து இருவரும் சாப்பிட உட்கார்ந்தோம். நடந்ததைத் தங்கையிடம் சொல்லவில்லை, பிள்ளைத்தாய்ச்சியை எதற்குப் பயமுறுத்துவது? எனக்கு இரைச்சல் அடங்கியிருந்தது. அவள் மாமாவின் இடது பக்கம் குனிந்து, "இன்னுங் கொஞ்சம் சோறு வைக்கவா?" என்று கேட்டாள். அவர் பிசைந்துகொண்டே இருந்தார். மறுபடியும் கேட்டாள். பிசைந்துகொண்டே இருந்தார். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்த இடது காதுப் பக்கம்தான் டயர் வெடித்தது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அவள் சட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு இலையைச் சுற்றி வந்து, அவருடைய வலது பக்கம் மெல்ல உட்கார்ந்து, முதலிலிருந்து கேட்டாள்.