ஹோல்கேர் தொண்டையிலிருந்த டூக்கன்

எங்கள் மலையில் பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும் இரண்டு டூக்கன்கள் உண்டு. கறுப்பு உடம்பு, மஞ்சள் மார்பு, உடம்புக்குச் சற்றும் பொருந்தாத பெரிய அலகு. அலகின் மேல்பாதி மஞ்சள், கீழ்ப்பாதி ஒன்றுக்குக் கறுப்பு, மற்றதற்குக் கருஞ்சிவப்பு. சொல்வதற்குச் சுலபம். மேகம் இறங்கி, பறவை குவாருமோ மரத்தின் உச்சியில் போய் உட்கார்ந்துவிட்டால் எல்லாமே கறுப்புதான். ஒன்று பெரியது, ஒன்று சிறியது என்றாலும் ஒப்பிட்டுப் பார்க்க அதன் பக்கத்தில் மற்றது வந்து உட்கார வேண்டுமே.

அதனால் நாங்கள் காதை நம்புகிறோம். பெரியது தலையைத் தூக்கித் தூக்கி, "தியோஸ் தே தே" என்று கூவும். கடவுள் உனக்குக் கொடுக்கட்டும் என்று வாழ்த்துகிறதாம். சிறியது யாரையும் வாழ்த்தாது. தொண்டை கட்டிய தவளைபோல க்ர்ர்க், க்ர்ர்க் என்று கரகரக்கும். இந்தக் கடலோர மலைகளை விட்டால் அது வேறெங்கும் கிடையாது. அதைப் பார்க்கத்தான் வெளியாட்கள் வந்து எங்கள் ஊரில் தங்குகிறார்கள். பஸ் நிற்கும் இடத்துப் பலகையில் வரைந்திருப்பதும் அதைத்தான்.

அந்தக் கரகரப்பை அப்படியே தொண்டையில் கொண்டுவரத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் ஹோல்கேர் குஸ்மே. மரம் அறுத்துக்கொண்டிருந்து, ரம்பத்தை விற்றுவிட்டு வழிகாட்டியானவர். ஊரில் அவருக்குப் பட்டப்பெயர் 'காது', நேரில் கூப்பிடும்போது மரியாதையாக 'தோன்' ஹோல்கேர். இன்னொருவர் கீழ்க்கிராமத்து வழிகாட்டி நின்ஃபா போனே. இருவருக்கும் பேச்சுவார்த்தை உண்டு, பிரியம் கிடையாது.

டிசம்பரில் பறவைக் கணக்கெடுப்பு நடக்கும். அன்றைக்கு யாரும் பறவைபோலக் குரல் கொடுக்கக் கூடாது, கேட்கத்தான் வேண்டும். அந்த விதியைக் கூட்டத்தில் முன்மொழிந்ததே ஹோல்கேர்தான்.

பல வருடம் கப்பல் சமையலறைகளில் சுற்றிவிட்டு அப்போதுதான் ஊர் திரும்பியிருந்தேன். அவர் அணியில் ஆள் குறைகிறது என்று என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். தலைநகர் கீத்தோவிலிருந்து வந்த சிலரோடு கிழக்கு மலைமுகட்டில் ஏறினோம். ஓடைக்கு அப்பால் மேற்கு முகட்டில் நின்ஃபாவின் அணி. நண்பகல்வரை தவளைக்குரல் கேட்கவேயில்லை.

"தோன் ஹோல்கேர், பலகையில வரைஞ்ச பறவை பலகையிலதான் குடியிருக்கோ?" என்றாள் கீத்தோக்காரி ஒருத்தி.

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. நாங்கள் தண்ணீர் குடிக்க உட்கார்ந்ததும் சற்று முன்னே நடந்துபோய், முதுகைத் திருப்பிக்கொண்டு, தொண்டைக்குள் மெல்லக் கரகரத்தார். எதிர்மலையிலிருந்து பதில் வந்தது. மறுபடி கரகரத்தார். மறுபடி பதில், இன்னும் கிட்டத்தில்.

"கேட்டுச்சா?" என்று ஓடி வந்தார். முகமெல்லாம் பூரிப்பு. "ஓடைக்கு இறங்குது. சத்தம் போடாம வாங்க."

வழியெல்லாம் அவர் திருட்டுத்தனமாகக் கூப்பிட்டார், அது பதில் சொன்னது. ஓடைக்கரையில் பெரிய இலைகளை விலக்கினார். பின்னால் ஒட்டி வந்தவள் நான் மட்டும்தான். எதிர்க்கரையில் நின்ஃபா நின்றிருந்தாள். கைகளை வாயருகே குவித்து, கன்னத்தை உப்பவைத்து, பாதிக் கரகரப்பில்.

"நீங்களா?" என்றார் ஹோல்கேர்.

"ஐயோ, அது நீங்கதானா? கணக்கு நாள்ல கூப்பிடாதேன்னு எங்களுக்கெல்லாம் உபதேசம் பண்ணினது யாரு?"

"நீங்க மட்டும் என்ன பண்ணினீங்க?"

"நான் பறவைக்குப் பதில் சொல்றதா நெனச்சேன்!" பின்னால் காலடி கேட்டதும் அவள் குரலைத் தாழ்த்தினாள். "வாயத் தொறக்காதீங்க. பறந்துபோச்சுன்னு சொல்லுங்க."

"பறந்துபோச்சு" என்றார் ஹோல்கேர், வந்தவர்களிடம். அவர் காதுமடல் சிவந்திருந்தது. மிச்ச வழியில் அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

சாயங்காலம் பள்ளிக்கூடத்தில் சோறும் கோழிக்குழம்பும். சாப்பிட்ட பிறகு ஊர்த்தலைவர் உபால்தோ ஒவ்வொரு பறவையாகப் பெயர் சொல்ல, அணித்தலைவர்கள் எண்ணிக்கை சொல்வது வழக்கம். உச்சிக் குளிரில் வாழும் நீலமார்பு டூக்கன், ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் பறக்கும் வெளிறிய அலகுச் சிறு டூக்கன்கள், இவற்றிலெல்லாம் யாருக்கும் சந்தேகம் வராது. பிறகு தவளைக்குரலின் முறை.

"எங்களுக்கு ஒண்ணு" என்றாள் நின்ஃபா, தட்டைப் பார்த்துக்கொண்டே.

"தோன் ஹோல்கேர்?"

அவர் எழுந்து தொப்பியைக் கையில் எடுத்தார். "இல்ல."

"என்ன இல்ல? நாங்க எல்லாரும் கேட்டோமே!" என்றாள் கீத்தோக்காரி.

"நீங்க கேட்டது தோன்யா நின்ஃபாவ. அவங்க கேட்டது என்னை. நான்தான் முதல்ல கூப்பிட்டேன்."

பின்வரிசையில் யாரோ, "ரெண்டு பேருக்கும் ஒரு பொந்து பாத்துக் குடுங்கப்பா, முட்டை வைக்கட்டும்!" என்று கத்த, கூடமே வெடித்துச் சிரித்தது. நின்ஃபா கரண்டியைப் போட்டுவிட்டு வெளியேறினாள். ஹோல்கேர் நின்றுகொண்டே இருந்தார்.

சிரிப்பு அடங்கியதும் உபால்தோ மெதுவாகக் கேட்டார். "அப்போ போன வருஷம்? அப்பவும் நீங்க ரெண்டு பேரும் இதே ரெண்டு முகட்லதான நின்னீங்க?"

ஹோல்கேர் தொப்பியின் விளிம்பைச் சுற்றிக்கொண்டே இருந்தார். உபால்தோ அடுத்த பெயரைப் படித்தார்.

அதற்குப் பிறகு அவர் பஸ் பலகை இருக்கும் பாதையை விட்டுவிட்டு மாட்டுத்தடத்தில் போய்வந்தார். பிள்ளைகள் பின்னாலிருந்து கரகரத்தால் திரும்புவதில்லை. வெளியாட்களைக் கூட்டிக்கொண்டு போவதையும் நிறுத்தினார்.

மழை விட்ட ஒரு காலையில் கடையில் அவருக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன். பச்சை வாழைக்காயை மசித்து உருட்டிய போலோனைப் பிட்டு அவர் வாயில் போட்டிருந்தார். கடைக்குப் பின்னாலிருந்த குவாருமோவிலிருந்து க்ர்ர்க் என்றது.

"காலங்காத்தால ஆரம்பிச்சுட்டீங்களா, தோன் ஹோல்கேர்!" என்றாள் கடைக்காரி.

அவர் நிமிர்ந்தார். இரண்டு கன்னமும் உப்பியிருந்தன. மறுபடி, க்ர்ர்க், க்ர்ர்க். கடையில் எல்லோரும் அவர் வாயையே பார்த்தார்கள்.

நான் வெளியே ஓடினேன். இலைகளுக்கு நடுவே ஒரு கறுப்பு, ஒரு மஞ்சள். கீழலகின் நிறம் தெரியவில்லை.

"வாங்க, வந்து பாருங்க!"

அவர் வாயிலிருந்ததை விழுங்கினார். "நான் வரல. நான் வந்தா அது நானாயிடும். நீ போய் நின்ஃபாவைக் கூட்டிட்டு வா, அவங்க கேக்கட்டும். அதுவரைக்கும் எல்லாரும் பாக்க நான் இங்கயே இருக்கேன்." சொல்லிவிட்டு இன்னொரு பெரிய உருண்டையை வாயில் அடைத்துக்கொண்டு, கைகளை மேசைமேல் வைத்துத் தலையைக் குனிந்துகொண்டார்.

சேற்றில் சறுக்கிக்கொண்டே கீழ்க்கிராமத்துக்கு ஓடினேன். விஷயத்தைச் சொன்னதும் நின்ஃபா கேட்டது ஒன்றுதான்.

"அந்த ஆளு எங்க?"

"கடையில. வாய் நிறைய போலோன்."

அவள் பூட்ஸைத் தேடினாள்.