ஹேச்சரிக்கு நான்கு ஜிபி

என் மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டுக்குச் சொந்தமாக ஒரு ஹேச்சரி இருக்கிறது. அன்னூரிலிருந்து காரமடை போகும் வழியில், தார்ச்சாலையை விட்டுச் சற்று உள்ளே. முட்டைகளைச் சூட்டில் வைத்துக் கோழிக்குஞ்சு பொரிக்கும் இடம். செட்டர் என்று சொல்லும் அறை போன்ற பெட்டிகள் அங்கே எட்டு. ஒரு பெட்டிக்குப் பத்தொன்பதாயிரத்து இருநூறு முட்டைகள். பதினெட்டு நாள் அதற்குள் இருந்துவிட்டு, கடைசி மூன்று நாளுக்கு வேறு பெட்டிக்கு மாறி, குஞ்சாக வெளியே வரும். உள்ளே சூடு தொண்ணூற்றொன்பதரை டிகிரி ஃபாரன்ஹீட். இரண்டு டிகிரி கூடினால் சாவு தொடங்கும். நான்கு கூடிக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டால் ஓட்டுக்குள்ளேயே வெந்துவிடும். தொழில் இவ்வளவுதான். இதைப் புரிந்துகொள்ளப் பட்டம் எதுவும் வேண்டாம்.

நான் ஒரு நூற்பாலையின் கணினிப் பிரிவில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். செட்டர்களின் சூட்டைக் கவனிக்கும் நிரலை மாப்பிள்ளைக்கு எழுதிக் கொடுத்தது நான். நிமிடத்துக்கு ஒரு தரம் எட்டுப் பெட்டிகளின் சூட்டையும் படிக்கும், பதிந்துகொள்ளும், அளவு மீறினால் மாப்பிள்ளையின் செல்போனுக்கு எச்சரிக்கை அனுப்பும். அதற்கென்று தனியாக ஒரு பழைய கணினி, நான்கு ஜிபி மெமரி. ஆறு வருடம் ஒரு நிமிடம் தவறாமல் ஓடியது.

பிறகு ஒரு நாள், கணினிகள் அதிகமாகிவிட்டன என்று யாரோ மாப்பிள்ளையிடம் சொல்லியிருக்கிறார்கள். இருந்த ஆறையும் கழித்துப்போட்டு, ஒரே ஒரு பெரிய கணினியைக் கொண்டுவந்து வைத்தார்கள். அதற்குள்ளே மென்பொருளால் உண்டாக்கிய ஆறு கணினிகள். மெய்நிகர் கணினி என்பது அதற்குப் பெயர். ஒவ்வொன்றும் தன்னைத் தனிக் கணினி என்றே எண்ணிக்கொண்டு ஓடும். கணக்குக்கு ஒன்று, ஆட்கள் வருகைக்கு ஒன்று, தீவன மில்லுக்கு ஒன்று, கேமராப் பதிவுக்கு ஒன்று, லாரி பில்லுக்கு ஒன்று, என் செட்டர் நிரலுக்கு ஒன்று. இதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆலையில் நானே செய்த காரியம்தான்.

ஆட்சேபம் மெமரியில். பெரிய கணினியில் இருந்ததே முப்பத்திரண்டு ஜிபி. ஆறு பேருக்கும் தருவதாகத் திரையில் எழுதி வைத்திருந்ததைக் கூட்டிப் பார்த்தேன். நாற்பத்து நான்கு. முப்பத்திரண்டு இலை விழும் பந்தியில் நாற்பத்து நான்கு பேரை எப்படி உட்கார வைப்பது என்று கேட்டேன். இதை நிறுவிக் கொடுத்தவர் சரவணம்பட்டியில் இருக்கும் ஒரு கம்பெனியின் ஆள், முப்பத்தைந்து வயதிருக்கும், கழுத்தில் அடையாள அட்டை.

“எல்லாரும் ஒரே நேரத்துல சாப்பிட வர மாட்டாங்க சார்” என்றார். சிரித்துக்கொண்டு சொன்னார்.

வளர்ந்து சுருங்கும் மெமரி என்பது ஏற்பாடு. ஒவ்வொரு கணினிக்கும் இதற்குக் கீழே போகாது, இதற்கு மேலே ஏறாது என்று இரண்டு எண்களை எழுதி வைப்பார்கள். நடுவில் இருப்பதைச் சும்மா இருப்பவரிடமிருந்து எடுத்துக் கேட்பவருக்குக் கொடுக்கும். எடுக்கிற விதம்தான் தந்திரம். பெரிய கணினி நேராக வந்து பிடுங்குவதில்லை. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு சிறு நிரலை முன்கூட்டியே குடிவைத்திருக்கும். பலூன் என்று அதற்குப் பெயர். மேலே மெமரி தேவைப்படும்போது உள்ளே இருக்கும் பலூன் ஊதிக்கொண்டு, எனக்கு இவ்வளவு வேண்டும் என்று வீட்டு ஆள் போலவே கேட்கும். வீட்டு ஆள்தானே என்று அந்தக் கணினியும் கொடுக்கும். வாங்கியது பின்வாசல் வழியாக மேலே போய்விடும். கொடுத்தவர் இருக்கிற சொச்சத்தில் வேலை செய்ய வேண்டும். சொச்சம் போதாவிட்டால் ஹார்டு டிஸ்கில் எழுதி எழுதிப் படித்துக்கொண்டு, மாட்டு வண்டி வேகத்தில்.

என் கணினிக்கு எழுதியிருந்தது: மேலே நான்கு, கீழே அரை. அரையை யார் சொன்னது என்று விசாரித்தால், மாப்பிள்ளை. எந்தக் கணினி அதிகம் சும்மா இருக்கும் என்று கம்பெனிக்காரர் கேட்டிருக்கிறார். செட்டர் கணினிதான், அது பாட்டுக்குக் கிடக்கும், எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று இவர் தாராளமாகச் சொல்லியிருக்கிறார். காவல்காரரும்தான் சும்மா உட்கார்ந்திருக்கிறார். அதற்காக அவருடைய மூக்குக் கண்ணாடியை வாங்கிக் கொண்டுபோய் வேறொருவருக்குக் கொடுப்பார்களா? போதாததற்கு, ஒவ்வொரு செட்டரின் கதவுக்கு மேலும் இருந்த அபாய மணியை வேறு கழற்றிவிட்டார்கள். செல்போனுக்கு வருகிறதே, சும்மா எதற்கு அலறிக்கொண்டு என்று.

பதிவுகளை எண்ணினேன். மணிக்கு அறுபது இருக்க வேண்டும். காலையில் அறுபது இருந்தது. கணக்கு எழுதுபவர்கள் வந்து உட்கார்ந்த பிறகு ஐம்பத்திரண்டு. தீவன மில் ஓடும் மதிய நேரத்தில் நாற்பத்து மூன்று. பதினேழு நிமிடங்களுக்கு எட்டுப் பெட்டிகளில் என்ன நடந்தது என்று அந்த வீட்டில் எவருக்கும் தெரியாது.

மாப்பிள்ளையிடம் நேராகச் சொல்ல வேண்டியதுதானே என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். எங்கள் பக்கம் பெண் கொடுத்தவன் மாப்பிள்ளையிடம் குறை சொல்வது கிடையாது. மகளிடம் சொல்ல வேண்டும். மகள் நேரம் பார்த்து, பதம் பார்த்து, அவர் காதில் போட வேண்டும். அவர் பதிலும் அதே வழியில் திரும்ப வரும். நானும் அப்படியே செய்தேன். முட்டை செத்துப்போகும் என்று மகளிடம் சொன்னேன். அது அவரிடம் போய்ச் சேரும்போது, மெமரி கொஞ்சம் பத்தாதோ என்று அப்பா நினைக்கிறார் என்று ஆகியிருந்தது. மாமா சொன்னால் சரியாகத்தான் இருக்கும், பார்த்துக்கொள்ளலாம் என்று அவர் சொன்னார். என்னிடம் திரும்பி வந்தது, பார்த்துக்கொள்கிறாராம் என்பது. மூன்று தரம் சொல்லி அனுப்பினேன். மூன்று தரமும் அதே மரியாதை, அதே பதில். திரையில் அந்த அரை ஜிபி அப்படியே இருந்தது. உள்ளே ஓர் ஆளைக் குடிவைத்து அவர் மூலமாகக் கேட்டு வாங்கும் வித்தையை மென்பொருள் எழுதுகிறவர்கள் எங்கள் கல்யாண வீடுகளில்தான் கற்றுக்கொண்டார்களோ என்னவோ. அவர்களுக்காவது கேட்டது கிடைக்கிறது.

சித்திரை மாதம் ஒரு மதியம் மகள் சாப்பிடக் கூப்பிட்டிருந்தாள். வீடும் ஹேச்சரியும் ஒரே காம்பவுண்டு. அவள் இலை போடும்வரை பதிவுகளைப் பார்க்கலாம் என்று ஹேச்சரிக்குள் போனேன். திரையில் எட்டு எண்களும் அழகாக இருந்தன. நான்காம் செட்டர் தொண்ணூற்றொன்பது புள்ளி ஆறு. பக்கத்தில் படித்த நேரம் இரண்டு பத்து. என் கைக்கடிகாரத்தில் இரண்டு ஐம்பது. நாற்பது நிமிடத்துக்கு முந்திய சூட்டைக் காட்டிக்கொண்டு அந்தத் திரை நிம்மதியாக இருந்தது.

போய் ஒவ்வொரு கதவின் கண்ணாடி வழியாகவும் உள்ளே தொங்கும் தெர்மாமீட்டரைப் பார்த்தேன். ஒன்று, இரண்டு, மூன்று சரியாக இருந்தன. நான்கில் நூற்று மூன்றரை. உள்ளே விசிறிச் சத்தமே இல்லை. விசிறியைச் சுற்றும் பெல்ட் அறுந்து கிடந்தது. அந்தப் பெட்டியில் இருந்தவை பதினேழு நாள் முட்டைகள். அந்த வயதில் ஒவ்வொரு முட்டைக்குள்ளும் ஒரு குஞ்சு மூச்சுவிட்டுத் தானே சூட்டைக் கிளப்பும். காற்று ஓடாவிட்டால் ஒன்றை ஒன்று வேகவைக்கும். முட்டை அடுக்கும் பெண்கள் இருவரைக் கூப்பிட்டுக் கதவை முழுக்கத் திறக்கச் சொன்னேன். முட்டைத் தட்டுகள் அடுக்கிய தள்ளுவண்டிகள் நான்கையும் வெளியே இழுத்தார்கள்.

அலுவலக அறையில் மாப்பிள்ளையும் கம்பெனிக்காரரும் ஒரு திரை முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். காலையில் ஏதோ ஒரு லாரி பின்னால் வரும்போது வாசல் கேட்டை இடித்துப் பள்ளமாக்கிவிட்டது. எந்த லாரி என்று கண்டுபிடிக்க இரண்டு மணியிலிருந்து கேமராப் பதிவுகளை ஓட்டி ஓட்டிப் பார்க்கிறார்கள். கேமராக் கணினி பதினாறு ஜிபிக்கு வளர்ந்திருக்கிறது. என் கணினி அரைக்குச் சுருங்கியிருக்கிறது. ஒரு தகரக் கேட்டில் விழுந்த பள்ளத்தைப் பார்ப்பதற்காக.

சுற்றிலும் கணக்கு எழுதுபவர்கள் ஐந்து பேர் இருந்தார்கள். நான் நின்ற இடத்திலிருந்தே பேசினேன்.

“கேட்டுப் பள்ளத்தைப் பாத்துட்டு நீ இங்க உக்காந்திருக்கறே. அங்க நாலாம் நம்பர் வேகுது. அந்தக் கம்ப்யூட்டர் கண்ணைப் புடுங்கிக் கேமராவுக்கு வெச்சுட்டயே, உனக்கு எத்தனை வாட்டி சொல்லியனுப்பறது?”

நீ என்றுதான் சொன்னேன். மாப்பிள்ளை எழுந்தார். என்னைத் தாண்டி செட்டர் பக்கம் ஓடினார். கம்பெனிக்காரர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். புது பெல்ட் மாட்டி, சூடு இறங்கி, வண்டிகள் உள்ளே போக மூன்றே முக்கால் ஆனது. மாப்பிள்ளை கையைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“சாப்பிட்டுட்டுப் போங்க மாமா” என்றார்.

அந்த மரியாதை எனக்கு உச்சந்தலை வரை எரிந்தது. சாப்பிடாமல் பேருந்து ஏறினேன். சம்பந்தி வீட்டில் போட்ட இலையில் உட்காராமல் போவது எங்கள் பக்கம் எவ்வளவு பெரிய காரியம் என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் போனேன்.

மறுநாள் மகள் போன் செய்தாள். அவர் இரண்டு வேளையாகச் சரியாகச் சாப்பிடவில்லை, ஆட்கள் முன்னால் அப்படிப் பேசிவிட்டீர்கள், ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் ஆறிவிடும் என்றாள். மெமரியை மாற்றியாயிற்றா என்று கேட்டேன். இல்லை. மற்ற ஏழு பெட்டிகளிலும் முட்டை இருக்கிறதா? இருக்கிறது.

“அப்புறம் என்ன அம்மணி வார்த்தை? அந்தக் கம்ப்யூட்டருக்கு நாலு ஜிபி வேணும். அதைச் செய்யச் சொல்லு.”

“எப்பப் பாத்தாலும் நம்பருங்களாப்பா உங்களுக்கு” என்று சொல்லி வைத்துவிட்டாள். ஏழு பெட்டி என்றால் ஒரு லட்சத்து முப்பத்து நாலாயிரத்து நானூறு முட்டை. அதுவும் நம்பர்தான்.

நான்காம் பெட்டியின் முட்டைகள் பொரிக்கும் நாளன்று யாரும் கூப்பிடாமலே போனேன். பொரித்த குஞ்சுகளைத் தரம் பிரித்து நூறு நூறாக அட்டைப் பெட்டிகளில் போட்டுக்கொண்டிருந்தார்கள். அறை முழுக்கக் கீச் கீச் என்று சத்தம். மேலோட்டமாகக் கேட்டால் அது நல்ல சத்தம்தான். தட்டுகளில் உடையாமல் கிடந்த முட்டைகளைப் பார்க்காதவர்களுக்கு. சில முட்டைகளில் ஒரு சின்னத் துளை மட்டும் விழுந்து, அதோடு நின்றிருந்தது. உள்ளிருந்து கொத்தியது அவ்வளவு தூரம் வந்திருக்கிறது. நான் பெட்டிகளை எண்ணிக்கொண்டு போனேன். பாதியில் மாப்பிள்ளை வந்து பக்கத்தில் நின்றார். நான் எண்ணி முடிக்கும்வரை காத்திருந்தார்.

“எத்தனைங்க மாமா?”

“பதிமூணாயிரத்து நானூத்திப் பன்னெண்டுங்க.”

“எப்பவும் எவ்வளவு வரும்?” அவருக்குத் தெரியாததல்ல.

“பதினாறாயிரத்துக்குக் கொறஞ்சதில்லீங்க மாப்பிள்ளை.”

அவர் ஒரு தட்டிலிருந்து துளை விழுந்த முட்டை ஒன்றை எடுத்துப் பார்த்தார். காதருகே வைத்துக்கூடப் பார்த்தார். திரும்ப வைத்துவிட்டு, போனை எடுத்துக் கம்பெனிக்காரரை உடனே வரச் சொன்னார். கம்பெனிக்காரர் சாப்பாட்டுக்குப் பிறகு வருவதாகச் சொல்லியிருக்க வேண்டும். இப்பவே வாங்க என்று இவர் இரண்டாம் தரமும் சொன்னார். கல்யாணமாகி எட்டு வருடத்தில் அவர் ஒருவரை அப்படிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

கம்பெனிக்காரர் வந்து திரையைத் திறந்தார். செட்டர் கணினிக்கு நான்கை நிலையாகக் கட்டி வைத்துவிட்டால் மற்றவர்களுக்குச் சொன்ன அளவைக் குறைக்க வேண்டியிருக்கும், யாருக்குக் குறைப்பது என்று கேட்டார். மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். நான் சொன்னேன். கேமராவுக்கு எட்டு. கணக்குக்கு எட்டு. தீவன மில்லுக்கு நான்கு. வருகைக்கும் லாரிக்கும் இரண்டிரண்டு. செட்டருக்கு நான்கு, வளரவும் வேண்டாம், சுருங்கவும் வேண்டாம். மொத்தம் இருபத்தெட்டு. மீதி நான்கு அந்தப் பெரிய கணினியின் சொந்தச் செலவுக்கு.

“கேமரா பாதியாயிருச்சுன்னா படம் நின்னு நின்னுதான் ஓடும் சார்.”

“ஓடட்டும் தம்பி. கேட்டு எங்கயும் போயிராது.”

மாப்பிள்ளை திரும்பிச் சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டார். சிரிப்பில் தோள் குலுங்கியது. கம்பெனிக்காரர் ஆறு எண்களையும் அடித்தார். நான் ஒவ்வொன்றாகச் சரி பார்த்தேன். கழற்றிய மணிகளையும் நாளைக்குள் மாட்டச் சொல்லி மாப்பிள்ளை எலக்ட்ரீசியனுக்குச் சொன்னார்.

வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றோம். எதிரே குஞ்சுப் பெட்டிகளை வேனில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நூற்று முப்பத்து நான்கு பெட்டியும் சொச்சமும். ஏறியிருக்க வேண்டியது நூற்று அறுபதுக்கு மேல். மாப்பிள்ளை அதையே பார்த்துக்கொண்டு சொன்னார்.

“இனிமே எதா இருந்தாலும் எங்கிட்டயே நேராச் சொல்லிப்போடுங்க மாமா.”

இதை அவர் கல்யாணமான வருடமே சொல்லியிருக்கலாம். இரண்டாயிரத்து ஐந்நூற்றுச் சொச்சம் குஞ்சுகள் செத்த பிறகு சொல்கிறார்.

“ஆறாம் நம்பர் பெல்ட்டும் தேஞ்சுதானுங்க கெடக்குது” என்றேன்.